பழைய பாடல்களுக்கு ஒன்றரைப் பக்கம், உங்கள் பாடல்களுக்கு ஒரே வரி

கோவையிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு 19 வயது. பத்து வயதிலிருந்து தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வந்தவர். அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்ளினின் குரலை முதன்முதலில் கேட்ட நாளிலிருந்து, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த சோல் இசைதான் தம் வழி என்று முடிவு செய்துகொண்டு, இப்போது கல்லூரியில் படித்தபடியே வார இறுதிகளில் ஒரு நட்சத்திர விடுதியில் பாடுகிறார். சென்னையைச் சேர்ந்த ஓர் இசை நிறுவனம் அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிட முன்வந்திருக்கிறது. பத்துப் பாடல்கள், பத்தும் அமெரிக்காவில் ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ என்று வழங்கும் பழைய மெல்லிசைப் பாடல்கள். அவற்றில் ஆறு, அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கே 1961இல் வெளியிட்ட தம் முதல் ஆல்பத்தில் பாடியவை. அதனால் அட்டையில் மார்வின் கேயின் பெயரும் கோட்டோவியமும் இடம்பெறும் என்று நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள். ஊதியம் ஒரே தவணையில் ஒன்றரை லட்சம் ரூபாய். அதற்குமேல் மூன்று ஆல்பங்கள் வரை பாட வைக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.

இதற்கு முன்பே, 17 வயதில், அதே நிறுவனத்தின் இரண்டு பக்கப் ‘புரிந்துணர்வுக் கடிதம்’ ஒன்றில் அவரும் அவருடைய தந்தையும் கையெழுத்திட்டு 25,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். இப்போது வந்திருக்கும் விரிவான ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் அந்தப் பழைய கடிதத்தைக் காட்டி வழக்குப் போடுவார்களோ என்று அவருக்குப் பயம். வீட்டில் இன்னொரு தகராறும் நடக்கிறது. “பெரிய பாடகர்கள் எல்லோரும் பழைய பாட்டைப் பாடித்தான் மேலே வந்தார்கள், நீ ஏன் முரண்டு பிடிக்கிறாய்?” என்கிறார் அப்பா. “மார்வின் கேயை அவருடைய கம்பெனி கட்டாயப்படுத்தி அந்தப் பாட்டுகளைப் பாட வைத்தது, அதனால்தான் முதல் ஆல்பம் தோற்றது” என்கிறார் மகள். அறுபது வருடம் தாண்டிய பாடல்களுக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை என்று நிறுவனம் சொல்வது சரியா என்பதும் அவருடைய கேள்வி. கடிதத்தின் கடைசியில் பின்குறிப்பாக ஒன்று எழுதியிருக்கிறார்: “நானே எழுதி மெட்டமைத்த நான்கு பாடல்கள் என் நோட்டில் இருக்கின்றன. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.”

அன்புள்ள வாசகிக்கு,

ஒப்பந்தத்தின் நகலையும் இணைத்து அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலோர் தமக்குப் புரிந்ததை மட்டும் எழுதி அனுப்புவார்கள். நீங்கள் பதினான்கு பக்கத்தையும் அனுப்பியதால்தான் உங்கள் கடிதத்தில் கேள்வியாக இல்லாத ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. அதற்கு வருமுன் நீங்கள் கேட்டவற்றைப் பார்த்துவிடுவோம்.

17 வயதில் போட்ட கையெழுத்து

பயம் வேண்டாம். 18 வயது நிரம்பாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் இந்தியாவில் தொடக்கம் முதலே செல்லாதது. 1903இல் மோகரி பீபி வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு இன்றும் சட்டமாக நிற்கிறது. அப்பாவும் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறாரே என்று கேட்பீர்கள். பிள்ளையின் உழைப்பை, அதாவது பிள்ளை வந்து பாடுவதையோ நடிப்பதையோ, தந்தை தன் கையெழுத்தால் அடகு வைக்க முடியாது. 18 வயதுக்குப் பிறகு “அன்று போட்டதை ஒப்புக்கொள்கிறேன்” என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பழைய கடிதம் உயிர்பெறாது. புதிதாக ஓர் ஒப்பந்தம் செய்தால்தான் உண்டு.

இந்தச் சட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1940களின் இறுதியில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ராஜ் ராணி என்ற சிறுமியின் வழக்கு வந்தது. திரைப்படத்தில் நடிக்க அவருடைய தந்தை வழியாக ஒப்பந்தம் ஆகியிருந்தது. பிறகு அந்த வேடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. சிறுமியின் தரப்பு இழப்பீடு கேட்டபோது, ஒப்பந்தமே செல்லாது என்பதால் அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதாவது அந்த இரண்டு பக்கக் கடிதத்தில் நிறுவனம் உங்களுக்கு என்னென்ன வாக்குறுதி கொடுத்திருந்தாலும் அவற்றையும் நீங்கள் பிடித்துத் தொங்க முடியாது. முன்பணத்தைப் பொறுத்தவரை, நீங்கள் அடைந்த பயனின் அளவுக்குத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் சொல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த 25,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஒப்பந்தம் அமையாவிட்டால் அதை வங்கி மூலம் திருப்பி அனுப்பி, ஒரு வரியில் கடிதமும் எழுதிவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

மார்வின் கே கதையில் அப்பாவும் நீங்களும்

இது சட்டக் கேள்வி அல்ல என்றாலும் நீங்கள் எடுக்கப்போகும் முடிவு இந்தக் கதையின் மேல் நிற்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மார்வின் கேயை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நடந்தது நேர்மாறு. டெட்ராய்ட் நகரில் மேற்கு கிராண்ட் புல்வார்டில் ஒரு வீட்டையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி மோட்டவுன் நிறுவனத்தை நடத்தி வந்த பெரி கார்டிக்கு வேண்டியிருந்தது இளைஞர்கள் ஆடக்கூடிய பாடல்கள். 22 வயது மார்வினுக்கு வேண்டியிருந்ததோ மெல்லிசைப் பாடகர் நாட் கிங் கோலைப் போலக் கோட்டு அணிந்து, உயர்ந்த ஸ்டூலில் அமர்ந்து, விருந்து விடுதிகளில் மெல்லிசை பாடும் வாழ்க்கை. அவர் விரும்பியபடியே 1961 ஜூனில் அந்த ஆல்பம் வெளிவந்தது. இர்விங் பெர்லின், கோல் போர்ட்டர், ராட்ஜர்ஸ்–ஹார்ட் ஆகியோரின் பாடல்கள்; நடுவே கார்டியின் விருப்பத்துக்கு இணங்கிச் சேர்த்ததுபோல் ஓரிரு புதிய பாடல்கள். ஆல்பம் விற்கவில்லை. கேட்டுப் பாருங்கள், குரல் அப்போதே அழகாக இருக்கிறது. ஆனால் அந்த அழகில் இன்னொருவருடைய சாயல் இருக்கிறது; பாடகர் ஒவ்வொரு வரியையும் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோல் ஜாக்கிரதையாகத் தூக்கி வைக்கிறார். இது என் காதுக்குத் தோன்றுவது. நீங்கள் மாறுபடலாம்.

அந்தத் தோல்விக்குப் பிறகும் அவரை நிறுவனம் வெளியே அனுப்பவில்லை. மற்றவர்களின் பதிவுகளுக்கு டிரம்ஸ் வாசித்தார்; பாடல் எழுதினார். 1962இல் அவருக்கு வெற்றி தந்த முதல் பாடல் ‘ஸ்டப்பர்ன் கைண்ட் ஆஃப் ஃபெல்லோ’. அது அவரும் சேர்ந்து எழுதியது. அதன் பிறகும் அவர் பழைய ஆசையை விடவில்லை. 1964இல் ஸ்டாண்டர்ட்ஸ் ஆல்பங்கள் இரண்டு, 1965இல் நாட் கிங் கோலுக்கு ஓர் அஞ்சலி ஆல்பம். 1960களில் இசையமைப்பாளர் பாபி ஸ்காட் அமைத்துக் கொடுத்த சில மெல்லிசைப் பாடல்களின் இசைத்தடங்கள் மேல், 1970களின் கடைசியில், தம் நாற்பதாவது வயதை நெருங்கும்போது, மீண்டும் குரல் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் ஆல்பமாக வெளிவந்தது 1997இல். அவர் 1984இலேயே இறந்துவிட்டார். 22 வயதில் எட்டாத இடத்தை அந்தக் குரல் தொட்டிருப்பதைக் கேட்கும்போது, பழைய பாடல்கள் இளம் பாடகரைக் கெடுத்துவிடும் என்ற உங்கள் பயமும் சரியாகத் தோன்றவில்லை. அவைதாம் ஏணி என்ற அப்பாவின் நம்பிக்கையும் சரியாகத் தோன்றவில்லை.

அப்பாவிடம் அரேதா ஃபிராங்ளினின் கணக்கையும் காட்டுங்கள். 18 வயதில், 1960இல், கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஸ்டாண்டர்ட்ஸ், மேடை நாடகப் பாடல்கள், ஜாஸ், புளூஸ் என எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். 1961இல் ஒரு பழைய பாடல் தேசியப் பட்டியலில் 37ஆம் இடம் வரை வந்ததுதான் அங்கே அவர் தொட்ட உச்சம். ஆறு ஆண்டுகள் அப்படிப் போயின. ஒப்பந்தம் முடிந்து அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறிய பிறகு, 1967இல், ‘ரெஸ்பெக்ட்’ முதலிடத்தைப் பிடித்தது. அவர் வெளியேறிய பிறகும் கொலம்பியா தன்னிடம் இருந்த பழைய பதிவுகளிலிருந்து ஆல்பங்களை வெளியிட்டுக்கொண்டேயிருந்தது. 1969இல்கூட ஒன்று வந்தது. அதற்கு அவருடைய சம்மதம் தேவைப்படவில்லை, ஏனென்றால் மாஸ்டர் பதிவுகள், அதாவது மூல ஒலிப்பதிவுகள், நிறுவனத்தின் சொத்து.

மோட்டவுனின் இன்னொரு பாடகரான ஸ்டீவி வொண்டரின் ஸ்டாண்டர்ட்ஸ் ஆல்பம் 1963 டிசம்பரில், 13 வயதில் வந்தது. அதே ஆண்டு கோடையில் அமெரிக்காவின் முதலிடப் பாடலைத் தந்த சிறுவன், பெரியவர்களின் காதல் பாடல்களை வாத்தியக் குழுவோடு பாடியது எடுபடவில்லை. அது அதோடு முடிந்தது.

இந்த மூன்று பேரும் தொடக்க காலத்தில் பாடிய பழைய பாடல்கள் எடுபடவில்லை. மூவரும் பிறகு வென்றார்கள். வித்தியாசம் எங்கே என்றால், தோற்ற பிறகு வேறு பாட்டைப் பாட மார்வினுக்கு ஓராண்டில் வழி கிடைத்தது. அரேதாவுக்கு ஆறாண்டு ஆயிற்று. உங்கள் ஒப்பந்தத்தை நான் படித்தது இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான்: இந்த ஆல்பம் ஓடாவிட்டால், எத்தனை நாளில் நீங்கள் வேறு பாட்டுப் பாட முடியும்?

‘அறுபது வருடம் ஆகிவிட்டது’ என்னும் வாதம்

நிறுவனம் இரண்டு வெவ்வேறு உரிமைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறது. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை. அதில் பாடப்படும் பாடலின் வரிகளுக்கும் மெட்டுக்கும் வேறு உரிமை. 1961இல் வெளியான ஒலிப்பதிவுக்கு இந்தியாவில் பாதுகாப்பு 60 ஆண்டுகள். அது 2021 இறுதியோடு முடிந்தது என்பது உண்மை. அமெரிக்காவில் அதே பதிவுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் நீங்கள் மார்வினின் பதிவைப் பயன்படுத்தப் போவதே இல்லையே. நீங்கள் புதிதாகப் பாடப் போகிறீர்கள். உங்களுக்கு வேண்டியது பாடலின் உரிமை. அது இங்கே எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை நீள்கிறது.

உங்கள் பட்டியலில் இருந்தே சொல்கிறேன். ‘லவ் ஃபார் சேல்’ பாடலின் வரி, மெட்டு இரண்டும் கோல் போர்ட்டருடையவை. அவர் 1964இல் காலமானார். ஆகவே 2025 ஜனவரி முதல் இந்தியாவில் அதற்குத் தடையில்லை. ஆனால் ஐரோப்பாவில் கணக்கு ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகள். 2034 முடியும் வரை அங்கே அனுமதி வேண்டும். ‘மை ஃபன்னி வேலன்டைன்’ இன்னும் வேடிக்கை. வரிகளை எழுதிய லாரன்ஸ் ஹார்ட் 1943இல் இறந்துவிட்டார். மெட்டமைத்த ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் 1979 வரை வாழ்ந்தார். நம் சட்டம் வரியையும் மெட்டையும் தனித்தனிப் படைப்புகளாகப் பார்ப்பதால், அந்தப் பாட்டின் சொற்களை நீங்கள் மேடையில் கவிதையாக வாசிக்கலாம், மெட்டோடு பதிவு செய்ய அனுமதி வேண்டும். ‘விட்ச்கிராஃப்ட்’ 1957இல் வந்தது. இசையமைத்த சை கோல்மன் 2004 வரை இருந்தார். அந்தப் பாடலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும்.

உரிமம் என்றதும் நிறுவனம் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவைக் காட்டும். 2012 திருத்தத்தில் வந்த இந்தப் பிரிவின்படி, முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பாடலை, உரிமையாளருக்கு முன்னறிவிப்பு கொடுத்து, ராயல்டியை முன்கூட்டியே செலுத்தி, யார் வேண்டுமானாலும் மறுபதிவு செய்யலாம். கேட்க எளிதாக இருக்கிறது. நிபந்தனைகளைப் படித்தால் அப்படி இல்லை. ஒவ்வொரு பாடலுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு உரிய ராயல்டியைக் கட்ட வேண்டும். தொழில்நுட்பத் தேவை தவிர வேறு மாற்றத்தைப் பாடலில் செய்யக்கூடாது. மெதுவான மெல்லிசையைக் காஸ்பல் என்னும் தேவாலய இசையின் தாளத்துக்கு மாற்றிப் பாட நினைக்கும் உங்களைப் போன்ற சோல் பாடகிக்கு இது பெரிய விலங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பாடலை முன்பு பதிவு செய்த பாடகர் எவருடைய பெயரும் உருவமும் அட்டையில் இடம்பெறக் கூடாது என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மார்வின் கேயின் பெயரையும் கோட்டோவியத்தையும் போட்ட நொடியிலேயே 31சி தரும் பாதுகாப்பு போய்விடும். பிரதிகளையும் ஊடகத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தப் பிரிவை நம்பி உலகம் முழுவதும் இணையத்தில் ஆல்பத்தை ஏற்றுவதும் புத்திசாலித்தனம் இல்லை. பாடல் உரிமையாளர்களிடம் நேரடியாகப் பேசி எழுத்தில் உரிமம் பெறுவதே வழி.

இது நிறுவனத்தின் வேலை, உங்களுடையது இல்லை என்று நினைப்பீர்கள். உங்கள் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள்: “மூன்றாம் தரப்பினர் எழுப்பும் உரிமைக் கோரிக்கைகள் அனைத்துக்கும் பாடகர் ஈடு செய்வார்.” பாடல்களைத் தேர்ந்தெடுப்பது அவர்கள், வழக்கு வந்தால் பணம் கட்டுவது நீங்கள். இந்த வாசகத்தோடு கையெழுத்திடவே கூடாது. இணையத்தில் வாங்கிய கரோக்கி டிராக்குகளின் மேல் பாடச் சொல்லப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த டிராக்குகளின் உரிமத்தில் பெரும்பாலும் ‘மேடைக்கும் சொந்த உபயோகத்துக்கும் மட்டும்’ என்று இருக்கும். அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4ஆம் பிரிவும் 6ஆம் பிரிவும்

4ஆம் பிரிவின்படி, முதல் ஆல்பத்துக்குப் பிறகு மேலும் மூன்று ஆல்பங்கள் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு மட்டும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு இல்லை. அதுவரை வேறெங்கும் நீங்கள் பதிவு செய்யக்கூடாது. “என்னைக் கட்டாயப்படுத்திப் பாட வைக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஆனால் வேறிடத்தில் பாடாமல் தடுக்க முடியும். 1852இல் லண்டனில் யோஹானா வாக்னர் என்ற ஆபெரா பாடகி, ஓர் அரங்கத்துக்கு மூன்று மாதம் பாட ஒப்புக்கொண்டு, கூடுதல் பணத்துக்காகப் போட்டி அரங்கத்துக்குப் போக முயன்றார். நீதிமன்றம் அவரை முதல் அரங்கத்தில் பாடும்படி உத்தரவிடவில்லை; இரண்டாவது அரங்கத்தில் பாடக்கூடாது என்று மட்டும் தடை விதித்தது. அதே கொள்கை நம் குறிப்பிட்ட தீர்வுகள் சட்டத்தின் 42ஆம் பிரிவில் இன்றும் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு உங்களைத் தடுப்பது கடினம். முடியும் தேதியே இல்லாத ஒப்பந்தத்தில் ‘பிறகு’ எப்போது வரும்?

6ஆம் பிரிவு, ஒன்றரை லட்சத்துக்குப் பிறகு எந்த ராயல்டியும் கோர மாட்டேன் என்று உங்களைச் சொல்ல வைக்கிறது. பாடகரின் பதிவு வணிக ரீதியாகப் பயன்படுத்தப்பட்டால் அவருக்கு ராயல்டி உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ பிரிவு சொல்வதால், இந்த வாசகத்தை எதிர்த்து வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க எத்தனை ஆண்டாகும், யார் செலவு செய்வார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சட்டம் கொடுத்திருக்கிறது என்பதற்காக ஒப்பந்தத்தில் எழுதாமல் விடாதீர்கள். ராயல்டியின் விகிதத்தை எண்ணிலேயே எழுதச் சொல்லுங்கள். உரிமை ஒப்படைப்புக்குக் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும் இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இது தெரிந்தே அவர்கள் ‘நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும்’ என்று எழுதியிருக்கிறார்கள். செவ்வாய்க் கிரகத்தில் கச்சேரி நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குப் பத்து ஆண்டு என்று திருத்திக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட 11ஆம் பிரிவு

பழைய பாடல்களைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. 11ஆம் பிரிவு ஒரே வரி: “ஒப்பந்தக் காலத்தில் பாடகர் இயற்றும் அல்லது முன்பே இயற்றி வெளியிடாத அனைத்துப் பாடல்களின் உரிமையும் நிறுவனத்தைச் சாரும்.” உங்கள் நோட்டில் இருக்கும் நான்கு பாடல்களும் இந்த வரிக்குள் வந்துவிடுகின்றன. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று உங்களிடம் சொன்ன அதே ஆட்கள், காகிதத்தில் இப்போதே அவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

இது ஏன் ஆல்பத்தைவிடப் பெரிய விஷயம் என்பதற்கு மோட்டவுனுக்கே திரும்ப வேண்டும். 1909 முதல் 1977 வரை அமெரிக்காவில், ஒரு பாடலை இசைத்தட்டில் பதிவு செய்தால் பிரதிக்கு 2 சென்ட் பாடலின் உரிமையாளருக்குப் போக வேண்டும் என்பது சட்ட விகிதம். மார்வின் ஸ்டாண்டர்ட்ஸ் பாடியபோது அந்தச் சென்ட்கள் நியூயார்க்கில் இருந்த பழைய பதிப்பகங்களுக்குப் போயின. அவரும் சக எழுத்தாளர்களும் எழுதியவற்றைப் பாடியபோது, கார்டி தம் குழந்தைகளின் பெயர்களைச் சேர்த்துப் பெயரிட்ட ‘ஜோபீட்’ என்ற சொந்தப் பதிப்பகத்துக்கு வந்தன. எழுதியவர் என்ற முறையில் மார்வினுக்கும் பங்கு வந்தது. 1964இல் மார்த்தா அண்ட் தி வண்டெல்லாஸ் பாடிப் புகழ்பெற்ற ‘டான்சிங் இன் தி ஸ்ட்ரீட்’ பாடலை எழுதிய மூவரில் மார்வினும் ஒருவர். அதில் அவர் பாடகர் இல்லை, ஆனாலும் எழுத்தாளருக்குரிய பங்கு அவருடையது. அரேதாவின் ‘ரெஸ்பெக்ட்’ ஓடிஸ் ரெடிங் எழுதியது. அமெரிக்காவில் பண்பலை, ஏஎம் வானொலிகள் பாடலாசிரியருக்கு மட்டும் பணம் கட்டுகின்றன, பாடகருக்குக் கட்டுவதில்லை. அந்தப் பாட்டு வானொலியில் எத்தனை முறை ஒலித்தாலும் அந்தக் கணக்கில் அரேதாவுக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இந்த இடத்தில் உங்களுக்குப் பெரிய துணை. பாடல் எழுதியவரும் மெட்டமைத்தவரும் தமக்குரிய சமபங்கு ராயல்டியை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஆனால் ராயல்டி பெறும் உரிமை பறிபோகாது என்பதால் பாடலின் உடைமையும் பறிபோகாது என்று நினைத்துவிடாதீர்கள். உடைமையை எழுதிக் கொடுக்க முடியும். இன்னும் எழுதாத பாடலைக்கூட எழுதிக் கொடுக்கலாம், நீங்கள் எழுதி முடிக்கும் நொடியில் அது அவர்களுடையதாகிவிடும். பிறகு அந்தப் பாட்டை வெளியிடுவதா, அலமாரியில் பூட்டி வைப்பதா, யாருக்குப் பாடக் கொடுப்பது என்பதெல்லாம் அவர்கள் கையில்.

என்ன கேட்கலாம்

ஆல்பத்தை மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பத்து அருமையான பாடல்களை 19 வயதில் பாடிப் பதிவு செய்யும் வாய்ப்பு சும்மா வருவதில்லை. அப்பா சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. இப்படியே கையெழுத்திடுங்கள் என்றும் சொல்லமாட்டேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 11ஆம் பிரிவை முழுவதும் நீக்கச் சொல்வேன். அதில் பேரத்துக்கே இடமில்லை. ஒன்பதில் ஈடு செய்யும் பொறுப்பு நிறுவனத்துக்கு மாற வேண்டும், பத்துப் பாடல்களுக்குமான உரிமக் கடிதங்களின் நகல் வெளியீட்டுக்கு முன் உங்கள் கைக்கு வர வேண்டும். நான்கில், ஒரே ஆல்பம். அடுத்ததற்கு அவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் நீங்கள் விடுதலை. ஆல்பத்தின் பத்துப் பாடல்களில் இரண்டை உங்கள் நோட்டிலிருந்து சேர்க்கக் கேளுங்கள். சேர்த்தால், அந்த இரண்டுக்கும் இந்த ஆல்பத்துக்கு மட்டுமான உரிமம் கொடுங்கள், உடைமையைக் கொடுக்காதீர்கள். ஊதியத்தில் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. ஒன்றரை லட்சம் ஒரு லட்சம் ஆனாலும் இந்தத் திருத்தங்களோடு வந்தால் அது லாபம் என்பது என் கணிப்பு. எல்லாவற்றையும் ஏற்கமாட்டார்கள். பதினொன்றையும் ஒன்பதையும் திருத்த மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மற்றவற்றைப் பேசிப் பார்க்கலாம்.

பேச்சுவார்த்தைக்குத் தனியாகப் போகாதீர்கள். அப்பா கூட வரட்டும். ஆனால் இந்த முறை கையெழுத்து உங்களுடையது மட்டும்தான் என்பதை அவரிடம் வீட்டிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். “இன்றே போட்டால்தான்” என்று அவசரப்படுத்தினால் வழக்கறிஞரிடம் காட்ட இரண்டு வாரம் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்வார்த்தையாகச் சொல்லி விடாதீர்கள்.

அதற்கு முன் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான்கு பாடல்களையும் பியானோவோ கிடாரோ வைத்துக்கொண்டு கைப்பேசியில் முழுதாகப் பாடிப் பதிவு செய்யுங்கள். நோட்டுப் பக்கங்களை, அடித்துத் திருத்திய வரிகள் தெரியும்படியாகவே, படம் எடுங்கள். இரண்டையும் உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் எந்தத் தேதியில் பாட்டு உங்களிடம் இருந்தது என்ற கேள்வி வந்தால் அந்த மின்னஞ்சல் பேசும். விடுதியில் பாடும்போது அவற்றில் ஒன்றையாவது பாடியதுண்டா? பாடியிருந்தால் யாராவது எடுத்த காணொளி இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். திருத்தப்பட்ட வரைவு வந்ததும், அதே பதினான்கு பக்கத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.